இரட்டைக் குட்டி: லாபமா, நட்டமா?

ஒரு செம்மறி ஆடு ஒரு ஈற்றில் எத்தனை குட்டி போடும்? கிராமத்துப் பக்கம் யாரைக் கேட்டாலும் "ஒண்ணு, அபூர்வமா ரெண்டு" என்பார்கள். வெள்ளாடுதான் ரெண்டு, மூன்று என்று போடும். செம்மறி என்றால் ஒற்றைக் குட்டி. இந்தியச் செம்மறி இனங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் கணக்கு.

ஆனால் மேற்கு வங்காளத்தின் சுந்தரவனப் பகுதியில் ஓர் ஆடு இருக்கிறது. பெயர் கரோல். முழுசாக வளர்ந்த பெட்டையே பன்னிரண்டு கிலோ சொச்சம்தான் இருக்கும். தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போகலாம். முழங்கால் தண்ணீரில் நின்றபடி புல் மேயும். மழையையும் ஈரத்தையும் தாங்கும். இந்தச் சுண்டைக்காய் ஆடு சர்வ சாதாரணமாக இரட்டைக் குட்டி போடும், சில நேரம் மூன்று. உலகத்தின் செம்மறி ஆராய்ச்சி நிலையங்கள் எல்லாம் இந்த ஆட்டின் ரத்தத்தைத் துரத்திக்கொண்டு போன கதை சுவாரசியமானது. அந்தக் கதையின் கடைசியில் வரும் கணக்குதான் இன்னும் யாராலும் ஒழுங்காகப் போடப்படவில்லை.

பூரூலா பண்ணையில் தொடங்கியது

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கூமா என்ற ஊருக்குப் பக்கத்தில் 'பூரூலா' என்று ஒரு பண்ணை. சீயர்ஸ் சகோதரர்கள் அதை நடத்தினார்கள். மெரினோ ஆடுகள், கம்பளிக்காக வளர்ப்பவை. அவற்றில் இரட்டை, மும்மை என்று போடும் ஆடுகளை மட்டும் தனியாகப் பிரித்துப் பெருக்கினார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரிந்திருக்கலாம். மெரினோவை வளர்ப்பது கம்பளிக்கு, குட்டிக்கு அல்ல.

1958-ல் அவர்கள் ஒரே ஈற்றில் பிறந்த ஐந்து குட்டிகளில் ஒன்றான கிடாவை ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வுக்குக் கொடுத்தார்கள். அங்கே அதைக் கையில் எடுத்தவர் ஹெலன் நியூட்டன் டர்னர். இந்த அம்மையார் படித்தது கட்டடக்கலை! பொருளாதார மந்தக் காலத்தில் அந்த வேலை சரியாக அமையாமல், ஆராய்ச்சிக்கூடத்தில் செயலராகச் சேர்ந்து, அங்கிருந்து புள்ளியியல் கற்று, கடைசியில் செம்மறி மரபியலில் உலகப்புகழ் பெற்றவர். (படித்த படிப்புக்கும் பார்க்கிற வேலைக்கும் சம்பந்தம் இல்லையே என்று கவலைப்படுகிற பி.காம்., மக்கள் கவனிக்க.)

இவ்வளவு குட்டி எப்படி வருகிறது? பொதுவாக இப்படிப்பட்ட குணங்கள் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஒவ்வொன்றும் துளித்துளியாகச் சேர்த்துச் செய்கிற வேலை என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். 1982-ல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இருந்த ஆராய்ச்சியாளர்கள் வேறு மாதிரி சொன்னார்கள். இது ஒரே ஒரு பெரிய மரபணுவின் வேலை. அதற்கு ஃபெக்-பி என்று பெயர். 1990-களில் அது 6-ஆம் குரோமோசோமில் இருப்பது தெரிந்தது. 2001-ல் மூன்று தனித்தனிக் குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஆளைப் பிடித்துவிட்டன. பி.எம்.பி.ஆர்.1பி என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் ஒரு புரதத்தில் 249-ஆவது இடத்தில் குளூட்டமினுக்குப் பதில் ஆர்ஜினின் உட்கார்ந்துவிட்டது. அவ்வளவுதான்.

சரி, இந்த மாற்றம் மெரினோவுக்கு எங்கிருந்து வந்தது? 1792-ல் 'அட்லாண்டிக்' என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து சிட்னிக் குடியேற்றத்துக்குப் போனபோது கொஞ்சம் வங்காளச் செம்மறிகளையும் ஏற்றிப்போனது. அடுத்த ஆண்டும் வங்காள ஆடுகள் போய் இறங்கின. அந்த ரத்தம்தான் எங்கோ மெரினோவில் கலந்திருக்க வேண்டும் என்று டர்னர் முதலானோர் ஊகித்தார்கள். 2002-ல் நியூசிலாந்துக்காரர்கள் எட்டு நாடுகளின் பலகுட்டி ஆடுகளைப் பரிசோதித்து எழுதிய கட்டுரையில் அந்த ஊகத்துக்குச் சாட்சி கிடைத்தது. கரோல் ஆட்டிலும் அதே எழுத்து, அதே இடத்தில். இருநூறு வருடத்துக்கு முன்னால் கப்பலேறிய ஏதோ ஒரு சுந்தரவன ஆட்டின் முகவரி அப்படியே கிடைத்தது மாதிரி. மரபணுவுக்கு வைத்திருக்கிற பெயர் மட்டும் இன்றைக்கும் 'பூரூலா மரபணு'.

உள்ளே என்ன நடக்கிறது?

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக நினைப்பவர்கள் தயவுசெய்து தாண்டாதீர்கள். பின்னால் வரும் பணக்கணக்குக்கு இதுதான் அடிப்படை.

பெட்டை ஆடு சுமார் 17 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். ஒவ்வொரு சுற்றிலும் மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.ஹெச். என்ற ஹார்மோனை அனுப்பும். அது சினைப்பைக்கு வந்து, முட்டைகளை வைத்திருக்கிற சின்னச் சின்னப் பைகளை வளர்க்கும். ஃபாலிக்கிள் என்பது இந்தப் பைதான். பல பைகள் ஒன்றாகக் கிளம்பும். அதில் ஒன்று முந்திக்கொண்டு வளரும். வளர்ந்ததும் ஈஸ்ட்ரடையாலையும் இன்ஹிபின் என்கிற இன்னொரு ஹார்மோனையும் சுரக்கும். இந்த இரண்டும் பிட்யூட்டரிக்குப் போய் "போதும், நிறுத்து" என்று சொல்லும். எஃப்.எஸ்.ஹெச். குறையும். தீனி குறைந்ததும் பின்தங்கிய பைகள் வாடிவிடும்.

அப்படியானால் முந்திய பை மட்டும் ஏன் வாடவில்லை? அதற்குள் அது இன்னொரு ஹார்மோனான எல்.ஹெச்.சைப் பிடித்துக்கொள்ளும் உணரிகளை வளர்த்துக்கொண்டிருக்கும். ஒரு கடையில் சம்பளம் நின்றாலும் வேறு வருமானம் தயாராக வைத்திருப்பவன் மாதிரி. அது பிழைக்கும், வெடித்து முட்டையை வெளியே விடும். ஒரு முட்டை, ஒரு குட்டி.

ஃபெக்-பி இருக்கிற ஆட்டில் நடப்பது என்னவென்றால், பைகள் சின்னதாக இருக்கும்போதே இந்த எல்.ஹெச். உணரிகள் வந்துவிடுகின்றன. ஆகவே எஃப்.எஸ்.ஹெச். குறையும் நேரத்தில் தப்பிப்பிழைக்கத் தயாராக இரண்டு, மூன்று, நான்கு பைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் சின்னது. ஆனால் எல்லாம் சேர்ந்து சுரக்கிற ஹார்மோன் ஏறக்குறைய ஒரு பெரிய பை சுரக்கிற அளவுதான். பிட்யூட்டரிக்கு வித்தியாசமே தெரியாது. அதன் கணக்கில் ஒரு பைக்கான வரவு வந்துவிட்டது; அது நான்கு பேர் சேர்ந்து கட்டியது என்று யார் பார்க்கிறார்கள்?

இதில் இன்னோர் ஆச்சரியம், முட்டை வெறுமனே உட்கார்ந்திருக்கவில்லை. தன்னைச் சுற்றியிருக்கும் செல்களுக்கு அதுவே ஜி.டி.எஃப்.9, பி.எம்.பி.15 என்கிற புரதங்களைச் சுரந்து வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. பூரூலாவில் மாறியிருப்பது இந்த மாதிரிச் சேதிகளைக் கேட்கும் காது. நியூசிலாந்தின் 'இன்வர்டேல்' ஆடுகளில் சேதியே மாறிவிட்டது. அங்கே ஒரு ராம்னி பெட்டை 11 ஈற்றில் 33 குட்டி போட்டது. அதன் வம்சத்தை ஆராய்ந்தபோது, எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் பி.எம்.பி.15 மரபணுவில் மாற்றம் இருப்பது 2000-ல் தெரியவந்தது.

இன்வர்டேலில் ஒரு விபரீதமும் உண்டு. ஒரு பிரதி இருந்தால் பெட்டைக்கு முட்டை கூடும். இரண்டு பிரதியும் மாறியிருந்தால் சினைப்பை வளரவே வளராது; அந்த ஆடு மலடு. கொஞ்சம் போனால் லாபம், இன்னும் கொஞ்சம் போனால் முழு முதலும் நட்டம்! பூரூலாவில் இந்த மலட்டுத்தனம் இல்லை. ஒரு பிரதி இருந்தால் முட்டை சுமார் ஒன்றரை கூடுகிறது, குட்டி சுமார் ஒன்று கூடுகிறது. இரண்டு பிரதி இருந்தால் முட்டை சுமார் மூன்று கூடுகிறது. ஆனால் குட்டி சுமார் ஒன்றரைதான் கூடுகிறது. முட்டை இரட்டிப்பானாலும் குட்டி இரட்டிப்பாகவில்லை என்பதைக் கவனியுங்கள். கருப்பைக்கு இருக்கிற இடம் அவ்வளவுதான். பொருளாதாரப் பாடத்தில் வருகிற குறைந்து செல் விளைவு விதி ஆட்டின் வயிற்றிலும் வேலை செய்கிறது :-)

(மனிதர்களிலும் இதற்குத் தூரத்து உறவு உண்டு. இரு முட்டை இரட்டையர்களைப் பெற்ற தாய்மார்களை ஆராய்ந்து 2016-ல் வெளியான ஆய்வில் அகப்பட்டவை எஃப்.எஸ்.ஹெச். மரபணுவுக்கு அருகே ஓர் இடமும், இந்த மாதிரிச் சேதிகளைக் கடத்தும் ஸ்மாட்3 என்ற மரபணுவும்.)

ஊசியா, மரபணுவா?

குட்டியைக் கூட்ட மரபணுதான் வழி என்றில்லை. இணைசேர்ப்புக்கு முன்னால் சில வாரம் நல்ல தீனி கொடுத்தாலே முட்டை கூடும். இது பழைய வழி. புரொஜெஸ்டிரோன் ஏற்றிய பஞ்சை வைத்து எடுத்து, சினைக்குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் ஹார்மோனை ஊசியாகப் போடுவது இன்னொரு வழி.

கணக்குப் பாஷையில் சொன்னால் தீனியும் ஊசியும் வருவாய்ச் செலவு. ஒவ்வொரு பருவத்துக்கும் செலவழித்துக்கொண்டே இருக்கவேண்டும். மரபணு மூலதனச் செலவு. ஒருமுறை மந்தைக்குள் வந்துவிட்டால் அதுவே பரம்பரையாகப் போகும். இதைக் கேட்டதும் எந்த மேலாளரும் மரபணுவுக்குத்தான் கை தூக்குவார். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

பல்டன் பரிசோதனை

மகாராஷ்டிரத்தில் சாதாரா மாவட்டம், பல்டன். அங்கே நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் என்று ஒரு தனியார் அறக்கட்டளை. 1990-களில் அவர்கள் கரோல் ஆடுகளைச் சுந்தரவனத்திலிருந்து கொண்டுவந்து உள்ளூர்த் தக்காணி ஆட்டோடு சேர்த்தார்கள். தக்காணி பெரிய ஆடு, வறட்சி தாங்கும், நெடுந்தூரம் நடக்கும். ஆனால் ஒற்றைக் குட்டிதான். திரும்பத் திரும்பத் தக்காணியோடு சேர்த்து, கரோலின் ஃபெக்-பியை மட்டும் வைத்துக்கொண்டு உடம்பு தக்காணியாகவே இருக்கும்படி செய்தார்கள். சந்தா நிம்ப்கர் முன்னின்று நடத்திய இந்த வேலையில் ஆஸ்திரேலிய அறிவியலாளர்களும் பங்கெடுத்தார்கள். வங்காளத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போன மரபணுவைப் பற்றிய அறிவு சுற்றிக்கொண்டு மகாராஷ்டிரத்துக்கு வந்து சேர்ந்தது. அந்த வகைக்குப் பெயர் நாரி சுவர்ணா.

இதில் மெச்ச வேண்டிய விஷயம், அவர்கள் ஆராய்ச்சி நிலையக் கொட்டகைக்குள் நிற்கவில்லை. தன்கர் சமூக மேய்ப்பர்களின் மந்தைகளிலேயே விட்டுப் பார்த்தார்கள். ஒரு பிரதி உள்ள பெட்டைகள் சராசரியாக ஈற்றுக்குச் சுமார் ஒன்றரைக் குட்டி போட்டன. மும்மை அபூர்வம். ஆஸ்திரேலியாவில் மூன்று, நான்கு என்று போட்டு, பரந்த வெளியில் கவனிக்க ஆளில்லாமல் செத்துப்போன மாதிரி இங்கே ஆகவில்லை. பூரூலா மெரினோ ஆஸ்திரேலியப் பண்ணைகளில் பரவாமலே போனதற்கு அந்தச் சாவும் ஒரு காரணம். கொட்டகையில் வைத்துத் தீவனம் போட்டு வளர்க்கும் இஸ்ரேலில் இதே மரபணுவை அவாசி, அசாஃப் ஆடுகளில் ஏற்றியபோது கதை வேறாக இருந்தது. அங்கே குட்டிக்குப் புட்டிப்பால் கொடுக்க வசதி உண்டு.

ஆக, ஒரே மரபணு. ஒரு நாட்டில் நட்டம், இன்னொரு நாட்டில் லாபம். வித்தியாசம் தீனியிலும் ஆளிலும் இருக்கிறது.

கொஞ்சம் கணக்கு

இனி வரும் எண்கள் எந்த ஆய்விலும் எடுத்தவை அல்ல; புரிவதற்காக வைத்துக்கொண்டவை. யார் வேண்டுமானாலும் தங்கள் ஊர் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.

நூறு பெட்டை. ஒற்றைக் குட்டி இனம். நூறு குட்டி பிறக்கிறது, பத்து சாகிறது, தொண்ணூறு விற்பனைக்கு வருகிறது. ஒன்று 15 கிலோ. மொத்தம் 1,350 கிலோ.

அதே நூறும் ஃபெக்-பி ஒரு பிரதி உள்ளவை என்றால் 50 ஆடு ஒற்றை, 50 ஆடு இரட்டை. 150 குட்டி. ஒற்றையில் நூற்றுக்குப் பத்து சாகும். 45 மிஞ்சும், 15 கிலோ வீதம் 675. இரட்டையில் பால் பங்காகிவிடும், பிறக்கும்போதே எடை குறைவு, நூற்றுக்கு இருபது சாகும். 80 மிஞ்சும், 12 கிலோ வீதம் 960. மொத்தம் 1,635 கிலோ.

பிறப்பு ஐம்பது சதவீதம் கூடியது. விற்கிற எடை கூடியது 21 சதவீதம். அதிலிருந்து சினை ஆட்டுக்கான கூடுதல் தீனி, மருந்து, ஆள்கூலி எல்லாம் கழியவேண்டும். அப்படியும் கையில் ஏதோ மிஞ்சும். நல்ல வருடம்.

இப்போது வறட்சி. ஒற்றையில் நூற்றுக்கு இருபது சாவு, எடை 13. சாதாரண மந்தைக்கு 80 குட்டி, 1,040 கிலோ. ஃபெக்-பி மந்தையில் ஒற்றை 40 குட்டி, 520 கிலோ. இரட்டையில் நூற்றுக்கு 45 சாவு, மிஞ்சிய 55-ம் 9 கிலோ, 495 கிலோ. கூட்டினால் 1,015. சாதாரண மந்தையை விடக் குறைவு! செலவு மட்டும் கூடுதல். இரண்டு குட்டிக்குப் பால் கொடுத்து ஒட்டிப்போன தாய் அடுத்த பருவத்தில் சினைப்படுவது தள்ளிப்போவதை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இதனால் ஃபெக்-பி வேண்டாம் என்று அர்த்தமில்லை. நல்ல வருடத்தில் லாபத்தையும் மோசமான வருடத்தில் நட்டத்தையும் அது பெரிதாக்குகிறது என்று அர்த்தம். கடன் வாங்கி வியாபாரம் செய்வதைப் போல. தாங்கக்கூடியவனுக்கு நல்லது. தாங்க முடியாதவனுக்கு?

தாங்குவது யார் என்று பார்த்தால், குதிரை மேல் பாத்திரம் பண்டங்களோடு பிறந்த குட்டிகளையும் ஏற்றிக்கொண்டு மாதக்கணக்கில் நடக்கிற தன்கர் குடும்பம். அந்தக் குட்டிகளைப் பார்ப்பது அநேகமாக வீட்டுப் பெண்கள். இரட்டைக் குட்டியில் இளைத்ததைத் தனியாகத் தாயிடம் விட்டு ஊட்டவேண்டும். அந்த உழைப்புக்கு எந்தத் திட்ட அறிக்கையிலும் தனி வரி கிடையாது.

அரசாங்கம் எண்ணுவது எதை?

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செம்மறி 7.4 கோடிக்கு மேல். தலையை எண்ணுவது அரசாங்கத்துக்குப் பிடித்த வேலை. தெலங்கானாவில் 2017-ல் தொடங்கிய செம்மறித் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 20 பெட்டையும் ஒரு கிடாவும், 75 சதவீத மானியத்தில். நல்ல எண்ணம்தான். ஆனால் இப்படிப்பட்ட திட்டங்களின் வெற்றியை எத்தனை தலை கொடுத்தோம் என்பதை வைத்து அளந்தால், ஃபெக்-பி ஆடுகள் கைக்கு வரும்போது "எத்தனை குட்டி பிறந்தது" என்பதே அளவுகோலாகிவிடும். மேலே போட்ட கணக்கில் பிறப்பு எண்ணிக்கை இரண்டு வருடமும் 150 தான். அந்த எண்ணைப் பார்த்து நல்ல வருடம் எது, கெட்ட வருடம் எது என்று சொல்லவே முடியாது. எண்ண வேண்டியது மூன்று நான்கு மாதத்தில் சந்தைக்கு வந்து நிற்கிற குட்டியை, அதுவும் தராசில் நிறுத்தி.

இன்னொரு நடைமுறைச் சிக்கல். இரண்டு பிரதி உள்ள கிடாவை ஒற்றைக்குட்டி மந்தையில் விட்டால் பிறக்கும் பெண்குட்டி எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி கிடைக்கும். அருமை. ஆனால் அதே கிடாவை அந்தப் பெண்குட்டிகளோடும் சேரவிட்டால் பிறப்பவற்றில் பாதிக்கு இரண்டு பிரதி வந்துவிடும். அந்த அளவுக்கு மேய்ச்சல் நிலம் தாங்காது. சாதாரண கிடாவோடு சேர்த்தால் பாதிக்கு மரபணுவே போய்விடும். எது எது என்று கண்ணால் பார்த்துத் தெரியாது. கிடாவுக்கு முட்டையே இல்லை என்பதால் அதன் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்காது. 2001-க்குப் பிறகு ஒரு துளி ரத்தத்தில் கண்டுபிடித்துவிடலாம். சரி, அந்தப் பரிசோதனைக்கு யார் பணம் கட்டுவது? ஆடு கொடுக்கிற திட்டத்தில் ஐந்து வருடத்துக்கான ரத்தப் பரிசோதனைச் செலவும், சினைக்காலத் தீனிச் செலவும் சேராவிட்டால், ராஜஸ்தானின் அவிகாநகர் மத்திய நிலையம் கரோல் ரத்தம் கலந்து உருவாக்கிய அவிஷான் ஆனாலும் சரி, நாரி சுவர்ணா ஆனாலும் சரி, கொடுக்காமல் இருப்பதே மேய்ப்பருக்குச் செய்கிற உபகாரம்.

கரோலுக்கு என்ன கிடைத்தது?

இத்தனைக்கும் மூலமான கரோலை வளர்ப்பவர்கள் சுந்தரவனத்துச் சிறு குடிகள். வீட்டுக்கு ஒருசில ஆடு. 1792-ல் கப்பலேறிய ஆட்டுக்கு இன்று யாரும் பங்கு கேட்க முடியாது. உயிர்ப்பன்மை ஒப்பந்தம் கையெழுத்தானதே 1992-ல். இந்தியாவின் உயிர்ப்பன்மைச் சட்டம் 2002. கர்னாலில் இருக்கும் தேசிய மரபுவள அமைப்பின் இனப்பதிவேட்டில் கரோலின் பெயர் இருக்கிறது. பதிவேட்டில் பெயர் இருப்பதற்கு வாடகை எதுவும் வருவதில்லை.

ஃபெக்-பி மட்டுமே கரோல் இல்லை என்பதுதான் பலர் மறக்கிற விஷயம். மரபணுவை எடுத்துத் தக்காணியில் ஏற்றியாகிவிட்டது, இனி அந்தக் குட்டை ஆடு எதற்கு என்று நினைக்கலாம். ஈரநிலத்தில் நின்று மேய்வதும், பன்னிரண்டு கிலோ உடம்பில் இரண்டு குட்டியைச் சுமந்து பெற்று வளர்ப்பதும் வேறு எத்தனையோ மரபணுக்களின் வேலை. அவற்றுக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. எடை கூடட்டும் என்று பெரிய இனக் கிடாக்களைச் சுந்தரவனத்தில் இறக்கினால் அவையெல்லாம் சில தலைமுறையில் கரைந்துவிடும். 2009-ல் அய்லா, 2020-ல் அம்பான் என்று புயல்கள் உப்புத்தண்ணீரை வயலுக்குள் கொண்டுவந்த ஊர்கள் அவை. அங்கே நிற்கக்கூடிய ஆடு வேறு எது?

கிடாவை எந்த நிலையம் வாங்கினாலும் இறைச்சி விலை கொடுக்காமல் விதைக்கிடா விலை கொடுக்கவேண்டும். ஃபெக்-பி ஆடு விற்கிற ஒவ்வொரு திட்டத்திலும் ஒரு சின்னத் தொகை சுந்தரவனத்து மந்தைகளுக்குத் திரும்பவேண்டும். புத்தகம் எழுதினவருக்கு ராயல்டி கொடுப்பதில்லையா, அதுபோல. கரோல் ஆடுகளை அதே ஊரில், அதே ஈரத்தில், வம்சப் பதிவோடு வைத்திருக்கிற குடும்பத்துக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று நேரடியாகக் கொடுப்பது, ஆராய்ச்சிப் பண்ணையில் வேலி போட்டு நூறு ஆட்டைக் காப்பாற்றுவதை விட மலிவாகவே முடியும்.